மை பாட்டிலும் மடிக் குழந்தையும்

உலகத்தில் எந்த வேலைக்கும் மனுப் போட்டால்தான் ஆர்டர் வரும். தேர்தல் வேலைக்கு மட்டும், வேண்டாம் என்று மனுப் போட்டவர்களுக்குத்தான் முதல் ஆர்டர் வரும்.

தூக்குவாளியும் விசிறியுமாக முன்பின் தெரியாத ஊருக்கு ஓட்டுப் பெட்டியோடு போய் வந்த டீச்சர்மாரே, கிளார்க்குமாரே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதாம் வருஷம் நமக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தேர்தல். ஜனவரியில் பாராளுமன்றம், மே மாதக் கடைசியில் சட்டமன்றம். முதலாவதிலிருந்து பிரசவ லீவு என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது வந்தபோது குழந்தைக்கு ஆறு மாதம். என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை.

நான் பயந்த சுபாவம். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால் கண்டக்டரிடம் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஜாதி. கான்வென்ட்டில் படித்த காலம் முழுக்க, கேட்டால் ஒழியப் பேசக்கூடாது என்று வளர்த்தார்கள். திண்டிவனத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்த பிறகும், வகுப்பறைக்கு வெளியே என் குரலை யாரும் கேட்டதில்லை. நடந்ததைக் குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். அது விழித்துக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும்.

விழுப்புரத்தில் வகுப்பு

தேர்தல் வகுப்பு விழுப்புரத்தில். கத்திரி வெயிலில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, காலிப் பெட்டியைத் திறப்பது எப்படி, மூடுவது எப்படி, அரக்கு வைப்பது எப்படி என்று காட்டினார்கள். எனக்கு விழுந்தது மை வைக்கிற வேலை. வருகிறவரின் இடது ஆள்காட்டி விரலைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மை இல்லையென்றால் மை வைக்க வேண்டும். ஓட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பு எடுத்த அதிகாரி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, சாவடியில் தகராறு வந்தால் மறு வாக்குப்பதிவு, மறு வாக்குப்பதிவு வந்தால் முதலில் உங்கள் மேல்தான் நடவடிக்கை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

வகுப்பு முடிந்ததும் மனுவை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன். பால் குடிக்கிற குழந்தை, விலக்கு அளிக்க வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தேன். அங்கே இருந்த கிளார்க் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, கைக்குழந்தைன்னு இதோ ஒரு கட்டு மனு வந்து கீது. அதுல பாதி ஆம்பளைங்க எழுதனது. நான் யாரைன்னு நம்பறது?"

வழித்துணை

எங்கள் சாவடிக்குத் தலைமை அதிகாரி ஜெயராமன் சார், கெடார்ப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நல்ல மனுஷர். மற்றவர்கள் முதல் நாளே பெட்டியோடு போய்த் தங்கிவிட, நான் மட்டும் விடியற்காலை வந்து சேர்ந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தார். குழந்தையை என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கிளியனூர் தாண்டி இறங்கி முந்திரித் தோப்புக்குள் நடக்க வேண்டும். ஊர்ப் பேர் வேண்டாம். தோப்பைப் பார்த்ததும் கால் நகரவில்லை. அப்போது பின்னால் வந்த ஒரு பெண் என் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பயப்படாமல் வரும்படி சொல்லி முன்னால் நடந்தாள். பேர் பச்சையம்மா. அந்த ஊர்க் காலனிதான். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள்.

மார்கழியில் நடந்த தேர்தலுக்கும் காலனிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்களாம். ஏதோ ஒரு காரணம் சொல்லி ஓரமாக நிற்க வைத்தார்களாம். பொழுது சாய்ந்த பிறகு உள்ளே போனால், உங்கள் ஓட்டெல்லாம் விழுந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றார்களாம். பச்சையம்மாவுக்கு ஓட்டு வயசு வந்து எத்தனையோ தேர்தல் ஆகிவிட்டது. சீட்டைக் கையால் தொட்டதில்லை. இந்த முறை காலனிப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்றாள். பேசி வைத்துக்கொண்டு வந்தால் தகராறு. தகராறு என்றால் என் வேலை. அவளோ கூடையைத் தலையில் சரி செய்துகொண்டு சாதாரணமாகச் சொன்னாள். "இந்த தபா எவன் வந்து ஓரமா நில்லுன்னாலும் நான் நகர மாட்டேன் டீச்சரம்மா. எனக்கு பதிலா இன்னொருத்தி குத்திட்டுப் போவா, நான் வெய்யில்ல நின்னுக்கினு வேடிக்கை பாக்கணுமா?"

பேர் சொல்லாத வரிசை

பட்டியல் பார்க்கிறவர் வேங்கடேசன், பஞ்சாயத்து யூனியன் கிளார்க். முதலில் வந்த பெண்ணிடம் பேர் கேட்டார், சொன்னாள். கணவர் பேர் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். கூரையைப் பார்த்தாள். அடுத்தவளும் அப்படியே. ஒரே பேரில் பட்டியலில் நாலைந்து பேர் இருப்பார்கள், கணவர் பேர் தெரியாமல் கோடு போட முடியாது. பேஜாரு பிடிச்ச ஊருடா சாமி என்று வேங்கடேசன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் மைக்குச்சியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. இதோ நானும்கூட இவ்வளவு நேரமாக 'என் கணவர்' என்றுதானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வழி கண்டுபிடித்தது வரிசைதான். பின்னால் நின்றவள் முன்னால் நின்றவளின் கணவர் பேரை உரக்கச் சொன்னாள். அவளுடையதை அவளுக்குப் பின்னால் நின்றவள் சொன்னாள். ஒரு தடவை பிடித்துக்கொண்டதும் வண்டி மாதிரி ஓடியது. சிலர் பேரோடு சேர்த்து அவரவர் குணத்தையும் சொன்னார்கள். காலை நெரிசல் குறைந்து வரிசை அறுந்தபோது கடைசியாக ஒரு வயதான அம்மாள் மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்தார், பின்னால் காலி மைதானம். வேங்கடேசனிடம் குனிந்து சொன்னார். "நீங்களே ஒவ்வொரு பேரா படிச்சிக்கினு வாங்க சார். அவரு பேரு வந்துச்சின்னா நான் தலைய குனிஞ்சிக்கறேன்."

புத்தகத்தில் இல்லாத குழந்தை

மதியம் ஆக ஆக எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அதே நேரத்தில் வெளியே ஒரு அழுகை கேட்டது. தாய்க்குத் தெரியாதா? டப்பாப் பாலை எல்லாம் துப்பிவிட்டதென்று என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் போலீஸ்காரர் மறித்தார். நான் எழுந்து போகலாமென்றால், அப்போதுதான் வரிசை மறுபடி நீண்டிருந்தது. நான் எழுந்தால் மை நிற்கும், மை நின்றால் ஓட்டு நிற்கும். ஜெயராமன் சார் கையேட்டைப் புரட்டினார். ஓட்டரோடு வரும் கைக்குழந்தையை உள்ளே விடலாம் என்று இருந்தது. ஆபீசரின் குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் விரலால் தடவித் தடவித் தேடினார். குழந்தை வீறிட்டது.

வாசலுக்குப் பக்கத்தில் காலனிப் பெண்களுக்கு முன்னால் நின்றிருந்த பச்சையம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நேரே போய் என் கணவர் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். வரிசையில் இருந்த ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய குழந்தை என்று போலீஸ்காரர் கேட்டார். அவள் இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துகொண்டே பதில் சொன்னாள். "நான் ஓட்டருதான? புள்ள என் கையிலதான கீது? அப்புறம் இன்னாய்யா, வழிய வுடு."

நகப் பரிசோதனை

குழந்தையை என் மடியில் இறக்கி, என் முந்தானையை இழுத்து மூடியும் விட்டு, பச்சையம்மா தன் பேரைச் சொன்னாள். வேங்கடேசன் கோடு போட்டார். அவள் ஓட்டு இன்னும் அவளுடையதாகவே இருந்தது. என் இடது கையில் குழந்தை, வலது கையில் மைக்குச்சி. அவள் விரலை நீட்டினாள். கன்னங்கரேல் என்று இருந்தது. உடனே ஒரு வேட்பாளரின் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்த தணிகாசலம் எழுந்துவிட்டார். முந்திரித் தோப்புக்காரர், காலையிலிருந்து எங்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தவர். காலனிப் பெண்கள் அத்தனை பேரும் ரோட்டுக்கு அந்தாண்டை இருக்கும் சாவடியில் போட்டுவிட்டு வருகிறார்கள், விரலே சாட்சி, ஆட்சேபிக்கிறேன் என்றார். சுட்ட முந்திரிக்கொட்டையை உடைத்தால் மேல்தோட்டின் பால் பட்டு விரல் கறுத்துத் தோல் உரியும், சோப்புப் போட்டாலும் போகாது என்பது அந்த ஊரில் அவருக்குத் தெரியாதா? காலையிலிருந்து ஊர்ப் பெண்களின் கறுத்த விரல்களுக்கும்தான் மை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணில் எதுவும் படவில்லை.

ஜெயராமன் சாருக்கு வியர்த்துவிட்டது. கொஞ்சம் ஓரமாக நில்லம்மா, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பச்சையம்மா நகரவில்லை. கத்தவும் இல்லை, விரலை நீட்டியபடியே நின்றாள். போலீஸ்காரர் உள்ளே வந்தார். அவள் என்னைத்தான் பார்த்தாள். என் வேலை, மறு வாக்குப்பதிவு, எல்லாம் கண்முன் வந்தது. அப்புறம் எதனால் எழுந்தேன் என்று தெரியாது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய குரல்தான், இரண்டாம் வகுப்புக் குரல். கான்வென்ட்டில் திங்கட்கிழமை தவறாமல் சிஸ்டர் எங்கள் நகத்தைச் சோதிப்பார். அதே மாதிரி, எல்லாரும் ரெண்டு கையையும் முன்னால் நீட்டுங்க என்றேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வரிசை முழுக்க நீட்டியது.

காலனிக் கை, ஊர்க் கை என்று பிரிக்கவே முடியவில்லை. வளையல் வேறு வேறாக இருந்தது, கறுப்பு ஒன்றாக இருந்தது. இரண்டு கையிலும் இருந்தது. பின்னாலேயே வந்த ஜெயராமன் சாரிடம், மை வைப்பது இடது கையில் மட்டும்தானே சார், வலது கை எந்தச் சாவடியில் கறுத்தது, கறுத்த விரலெல்லாம் ஓரம் என்றால் இந்த வரிசையே ஓரம்தான் என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. வரிசைக் கடைசியில், கல் மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், கறுத்த பத்து விரலையும் விரித்து நீட்டியபடியே, எங்கள் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். தணிகாசலத்தின் மனைவி. அவர் குரல் என் குரலை விடப் பெரிது. "ஏங்க, நானும் ஓரமா நிக்கட்டா? நிக்கறேன். அடுப்புல உலை வச்சிட்டு வந்து கீறேன், நீங்க ஜல்தியா போயி சோத்த வடிச்சிடுங்க."

சுண்டு விரல்

வரிசை சிரித்த சிரிப்பில் போலீஸ்காரரும் சேர்ந்துகொண்டார். தணிகாசலம் உட்கார்ந்தார். ஆனாலும் விட மனமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்விதான். இந்தக் கறுப்பில் உங்கள் மை எப்படித் தெரியும், இவர்கள் மறுபடி வந்தால்? நான் பச்சையம்மாவின் கையை மறுபடி பார்த்தேன். கொட்டையை உடைக்கிறபோது சுண்டு விரல் தோட்டில் படாது போலிருக்கிறது, அது மட்டும் சுத்தமாக இருந்தது. சட்டப்படி ஆள்காட்டி விரலில் ஒன்று, தணிகாசலம் கண்ணுக்குத் தெரியச் சுண்டு விரலில் ஒன்று என்று இரண்டு மை வைத்தேன். ஜெயராமன் சார் கணக்கு விடை சரியாக வந்த பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். அதற்கப்புறம் வந்த அத்தனை பேருக்கும், தணிகாசலத்தின் மனைவி உட்பட, அதே இரட்டை மைதான்.

பச்சையம்மா மறைப்புக்குள் போனவள் வெகு நேரம் வரவில்லை. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியை ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். காலனிப் பெண்களில் ஒருத்தி பாக்கியில்லாமல் அன்று ஓட்டுப் போட்டார்கள். வெளியே போகிறபோது சுண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார்கள். தகராறும் இல்லை, மறு வாக்குப்பதிவும் இல்லை. பெட்டிக்கு அரக்கு வைத்து முடித்துக் குழந்தையோடு நான் வெளியே வந்தபோது, என் கணவரோடு பச்சையம்மாவும் என் கூடையோடு புளிய மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தாள், பஸ் வரைக்கும் கூட வர. நடக்கத் தொடங்கியதும் அவள் முதலில் கேட்டது இதுதான். "இந்த வருசத்துக்கு ரெண்டு ஆயிட்ச்சி. மூணாவது எலெக்சன் எப்ப வெப்பாங்க டீச்சரம்மா?"

அது எப்போது வந்தாலும் என்னையே தலைமை அதிகாரியாகப் போடலாம் என்று ஜெயராமன் சார் விழுப்புரத்தில் சொல்லி வைத்திருக்கிறாராம். ஆக, பயம் அப்படியேதான் இருக்கிறது, பதவிதான் உயரப் போகிறது.