மேவிஸ் விட்டுப்போன வெடிமருந்து

எல்டன் ஹாகெரூட் சுடுவார். அவருடைய மேக்னம் வேட்டைத் துப்பாக்கிக்கு, சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பித் தோட்டா அடைப்பது மனைவி மேவிஸ். கல்யாணமான வருஷத்திலிருந்தே அப்படித்தான். "பொண்டாட்டி போட்ட மருந்த மூஞ்சிக்கு நேரா வெடிக்க விடுறான், தைரியசாலி" என்று எதிர்வீட்டு டுவெயின் சொல்லிச் சிரிப்பார்.

பனி உருகும்போது மேவிஸ் இறந்தாள். கொட்டகை மேசையில் வேலை பாதியில் நின்றிருந்தது. வெடிமருந்தை அளந்து விடும் குழாயில் பாதிவரை கறுப்புக் குருணை. எந்த டப்பாவிலிருந்து கொட்டினாளோ அது மட்டும்தான் பக்கத்தில் இருக்கும். இன்னொரு டப்பாவை மேசையில் ஏற்றவே மாட்டாள். ஆனால் சாவுக்கு வந்த அவள் தங்கை, ஊரார் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு இடம் வேண்டுமென்று டப்பாவை அலமாரியில் ஏற்றிவிட்டாள். அங்கே ஏற்கெனவே திறந்த டப்பா ஒன்று இருந்தது; ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீலம். எதை எடுத்து வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

வாரம் ஒருமுறை எல்டன் வீட்டையும் கொட்டகையையும் துடைப்பது என் வேலை. "அந்தக் குழாய மட்டும் தொடாதேம்மா" என்றிருந்தார். கோடை முழுவதும் அதைச் சுற்றியே துடைத்தேன். உள்ளே கிடந்த மருந்தால் குழாயின் பிளாஸ்டிக் பழுப்பேறியது.

எல்க் மான் வேட்டைக்காலம் நெருங்கியது. டுவெயின் வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு டப்பா மருந்தும் ஒரே மாதிரிதான்டா இருக்கு. கொஞ்சமா போட்டுச் சுட்டுப் பாரு."

"ஒரே மாதிரி இருக்கிறதுதான் வம்பே. ஒண்ணு மெதுவா எரியும், ஒண்ணு சட்டுனு எரியும். அளவு மாறிப்போச்சுன்னா துப்பாக்கி என் கையிலயே வெடிச்சுச் சிதறிடும்."

"அப்ப கொட்டித் தொலை. யாருக்காக காவல் காக்கிற?"

 டுவெயின் போனபின் எல்டன் என்னிடம் கேட்டார்.

"அவ கடைசியா எந்த டப்பாவத் திறந்தான்னு நீ பாத்தியா?"

சிவப்பு மூடி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது போலத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலைங்க."

தலையசைத்தார். குழாயைக் கழற்றி, ஒரு கையால் வாயை மூடியபடி வெளியே கொண்டுபோனார். கோழிக்கு இரை போடுவது போல், புல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். முடிந்த பிறகும் குழாயின் அடியைத் தட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு முத்திரை பிரிக்காத புது டப்பா வாங்கி வந்தார். மருந்து அளவுப் புத்தகத்தில் கண்ட மிகக் குறைந்த அளவில் தொடங்கி, தோட்டாவுக்குத் தோட்டா துளித்துளியாக ஏற்றி அடைத்தார். சுட்டுப் பார்க்க, சரளைக்கல் தோண்டிய குழிக்கு என்னையும் கூட்டிப்போனார். தனியாகச் சுடக்கூடாது என்பது மேவிஸ் பேச்சாம்.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு வெற்றுக் கூட்டை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் நீட்டுவார். அங்கே யாரும் இல்லை. சற்று நேரம் கை அப்படியே நிற்கும். பிறகு மடக்கிக்கொண்டு, மருந்து அதிகமாகி அடிப்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று தானே பார்ப்பார்.

ஒரு வெடிக்குப் பின், கூட்டை வெளியே இழுக்கும் போல்ட் இறுகிக்கொண்டது. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தது.

"இன்னும் நாலு தோட்டா மிச்சமிருக்கே" என்றேன்.

"இதுக்கே இறுகுது, அதுல மருந்து இன்னும் ஜாஸ்தி. சுடக்கூடாது. வீட்டுல போய்ப் பிரிச்சிடலாம்."

நசுங்கிய கூட்டை மறுபடி இடப்பக்கம் நீட்டினார். நான் அங்கே நகர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையைச் சுட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.