போர்ட்டிகோவில் மூன்று வருடம் நின்ற கார்

"இந்த சீட்டை முன்னால இழுத்துட்டா, அவர் வெச்சிருந்த அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டு போக முடியுமா தர்ஷினி?"

போன வருடம் ஆயுத பூஜை அன்று ஆனந்தவள்ளி அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கேட்ட படிப்பு கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கார் சீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "முடியும்னுதான்க்கா நினைக்கிறேன்" என்றேன். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா எங்கள் வீட்டு உரிமையாளர். மலைக்கோட்டை உள்ள எங்கள் ஊரில், கே.கே. நகரில் கீழ்வீட்டில் அவர் இருக்கிறார், மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். முப்பத்தாறு வயது. பஸ் ஸ்டாப் அருகே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். யாராவது மருந்துச் சீட்டை நீட்டினால் டாக்டரின் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்துவிடுவார். கணவர் ரங்கநாதன் மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். திருமணமாகி ஒன்பது வருடம். அதில் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினாலும் பத்து மாதம் வராது. இது அக்கா சொன்ன கணக்கு.

அந்த ஆயுத பூஜைக்கு ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன் விடுமுறைக்கு வந்தபோது ரங்கநாதன் அண்ணன் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். இருபத்தாறு நாள் ஓட்டினார். கிளம்பும் நாளில் காரைக் கழுவி, போர்ட்டிகோவில் கேட்டைப் பார்த்த மாதிரி நிறுத்தி, உறை போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை வள்ளி. இல்லேன்னா பேட்டரி போயிடும்."

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல், மாலை ஆறரை மணிக்கு, அக்கா உறையை எடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். அதே நேரத்துக்கு அண்ணனுடைய வீடியோ கால் வரும். அண்ணன் ஆறடி உயரம், அக்கா ஐந்தடி கூட இருக்கமாட்டார். சீட்டு அண்ணன் காலுக்கு ஏற்ற மாதிரி பின்னால் தள்ளியிருக்கும். அக்கா நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கால் கட்டை விரலால் ஆக்சிலரேட்டரைத் தொடுவார். கண்ணாடியும் அண்ணன் கண்ணுக்கு வைத்தது. அதில் அக்காவுக்குக் காரின் கூரை மட்டும்தான் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் மிதி. சத்தம் கேக்கட்டும்" என்பார் போனில்.

"கேக்குதா?"

"ம். நல்லா இருக்கு."

அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்பார். அக்கா அவர் முகத்தைப் பார்ப்பார். ஏசி ஓடும், போன் சார்ஜரில் இருக்கும், பத்து நிமிடம் என்பது சில நாள் இருபது ஆகும். மாடிப்படியில் உட்கார்ந்து நான் பல நாள் அதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரை விட்டு எங்கேயாவது போகமாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, ஓடுகிற எஞ்சினோடு ஒரு கார் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்க்கக் கோபமாகக்கூட இருக்கும்.

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்குல்லக்கா? ஓட்ட வேண்டியதுதானே?"

"எட்டுப் போட்டு வாங்கின லைசென்ஸ்டி அது. பர்சுல ரேஷன் கார்டுக்கு அடியில இருக்கு. எட்டு மட்டும்தான் தெரியும், ரோடு தெரியாது."

எங்கள் பகுதியில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. டயரில் காற்று எவ்வளவு, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று நாள் முழுக்க ஓடும். அண்ணன் ஊரில் இருந்தபோது அக்காவின் எண்ணையும் அதில் சேர்த்துவிட்டுப் போனார். அக்கா ஒரு முறை, எலி வயரைக் கடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒருவர் புகையிலையைப் பொட்டலம் கட்டி எஞ்சினுக்குள் வைக்கச் சொன்னார். இன்னொருவர் ரச கற்பூரம் என்றார். வஹீதா என்கிற டீச்சர், "புகையிலை வேண்டாங்க. எங்க வீட்டு எலி அதைத் தின்னுட்டு இப்ப வெத்தலை பாக்கு கேக்குது" என்று போட்டார். அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தார். ஆனால் தினமும் ஸ்டார்ட் செய்வது சரியா என்று மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அது அவர் கணவர் சொன்னது. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

இரண்டு முறை தள்ளிப்போன அண்ணனின் விடுமுறை, போன வருடம் ஒருவழியாக உறுதியானது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, காலை விமானம். அந்தச் செய்தி வந்த நாளில் அக்கா தன் மனதில் இருந்ததை என்னிடம் சொன்னார்.

"போன தடவை என் கொழுந்தன் அன்புச்செல்வன் திருவெள்ளறையில இருந்து வேன் எடுத்துட்டு வந்தான். ஒன்பது பேரு. அவரு முன்னாடி டிரைவர் பக்கத்துல, நான் கடைசி சீட்டு. நேரா ஊருக்குப் போயிட்டோம். முதல் நாள் முழுக்க நான் அவரோட தலைக்குப் பின்பக்கத்தத்தான் பாத்தேன். மூணாம் நாள்தான் பக்கத்துல உக்காந்து பேசினேன்."

"இந்தத் தடவை?"

"ஏர்போர்ட்ல இருந்து நம்ம வீடு பதினஞ்சு நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷம் அவரும் நானும் மட்டும் வரணும். டாக்சிக்காரர்கூட இருக்கக் கூடாது."

அப்படியானால் கார் ஓட வேண்டும், அக்காவே ஓட்ட வேண்டும். இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஆயுத பூஜை அன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு டயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும், அதுதான் முறை. முந்தைய இரண்டு வருடமும் என் அப்பாவும் இஸ்திரி போடும் மருதை அண்ணனும் பின்னாலிருந்து தள்ளித்தான் பழம் நசுங்கியது. ஒரு வருடம் ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே அரை மணி நேரம் தள்ளினார்கள். இந்த முறை அக்கா தானே எடுப்பதாகச் சொல்லி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

டிக், டிக் என்றது. அவ்வளவுதான். விளக்குகூட எரியவில்லை.

அக்கா இன்னொரு முறை சாவியைத் திருகிப் பார்த்தார். "நேத்துகூட ஸ்டார்ட் பண்ணேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உடையான்பட்டியிலிருந்து மெக்கானிக் அருள்ராஜ் வந்தார். பூஜை நாளில் கடையை விட்டு வந்ததால் நெற்றியில் குங்குமமும் கையில் பொரிப் பொட்டலமுமாக இருந்தார். பேட்டரியைச் சோதித்தார். டயரைக் குனிந்து தடவினார். பிறகு கேட்டார்.

"அக்கா, இந்த வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு?"

"தினமும் ஓடுதே. பத்து நிமிஷம், சில நாள் இருபது."

"எங்க ஓடுது?"

"இங்கதான்."

அருள்ராஜ் பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "இது ஓடுறது இல்லக்கா, உறுமுறது. ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரியில இருந்து ஒரு பெரிய கடி கடிச்சிடும். நின்ன இடத்துல ஏசியப் போட்டு, போன சார்ஜ்ல போட்டு உறுமினா, எடுத்தத அது திருப்பிப் போடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நீங்களேதான் காலி பண்ணியிருக்கீங்க. டயரும் ஒரே இடத்துல அழுந்தித் தட்டையாயிருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்ல ஓட்டியிருந்தா போதும்."

"அவர்தான் சொன்னாரு" என்றார் அக்கா மெதுவாக.

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்றாங்க. இந்த ஏரியாவுல மட்டும் நாலு வண்டி எனக்கு இதே கதை."

புதுப் பேட்டரி மாட்டி முடித்ததும், "நான் பழத்து மேல ஏத்தி விட்டுடறேன்" என்று அவர் கையை நீட்டினார். அக்கா சாவியைத் தரவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஆனால் கிளட்ச் முழுக்க அழுந்த வேண்டுமே, நுனியில் உட்கார்ந்தால் நடக்காது. அப்போதுதான் குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். மூன்று வருடமாக அந்தச் சீட்டு அண்ணன் எழுந்து போன இடத்திலேயே இருந்தது. அக்கா அதைத் தொடவே இல்லை.

அருள்ராஜுக்கு அது காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "இழுங்கக்கா. சத்தத்த எண்ணிக்கங்க. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு டக்குனு கேக்கும்" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நாங்கள் மூவரும் எண்ணினோம். ஏழு.

"அவ்ளோதான். ஏழு டக்கு பின்னாடி போனா அவரு. முன்னாடி வந்தா நீங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்தார். கார் ஒரு குதி குதித்து, நான்கு பழத்தையும் நசுக்கி, கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஆஃப் ஆகி நின்றது. மருதை அண்ணன் தெருவிலிருந்து, "ஆஹா, இந்த வருஷம் எனக்கு வேலை மிச்சம்!" என்று கத்தினார்.

மறுநாள் முதல் லிசி வந்தார். பெண்களுக்கு அவரவர் சொந்தக் காரிலேயே ஓட்டக் கற்றுத் தருபவர். காலை ஆறு மணிக்கு வயர்லெஸ் ரோட்டில் பயிற்சி. பின் சீட்டில் நான் இருப்பேன். அக்கா கிளட்ச்சைத் திடீரென்று விட்டு விட்டு வண்டி நின்றுகொண்டே இருந்தது.

"கிளட்ச்ச விடறது வீட்டுக்காரர ஊருக்கு அனுப்பற மாதிரிங்க. ஒரேடியா விட்டா எல்லாம் நின்னுடும். கொஞ்சம் கொஞ்சமா விடணும்" என்றார் லிசி.

"அப்படின்னா இது எனக்கு நல்லா வரணுமே" என்றார் அக்கா.

பத்தாம் நாள் சத்திரம் பேருந்து நிலையம் வரை போனோம். சரியாகப் பேருந்துகள் திரும்பும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் மூன்று பஸ் ஹாரன். ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யம்மா, மலைக்கோட்டைய அப்புறமா பாத்துக்கலாம், வண்டிய எடும்மா!" என்றார். அக்கா கிளட்ச்சை முழுக்க அழுத்திச் சாவியைத் திருகினார். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வண்டியை எடுத்தார். அன்று மாலை போனில் அண்ணனிடம் எதையும் சொல்லவில்லை. வழக்கம் போல எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார்.

அந்த நாள் வந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அக்காவே விமான நிலையத்துக்கு ஓட்டினார். இடது ஓரத்தை விட்டு விலகவில்லை, யாரையும் முந்தவும் இல்லை. அங்கே போனால் அன்புச்செல்வன் வேனோடு நிற்கிறார். உள்ளே மாமியார், நாத்தனார், பிள்ளைகள். அக்கா நேராகப் போய் எல்லோரையும் விசாரித்தார்.

ரங்கநாதன் அண்ணன் டேப் சுற்றிய பெட்டியோடு வெளியே வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். தன் காரை அங்கே பார்த்ததும், "இதை யாரு ஓட்டிட்டு வந்தது?" என்றார்.

"தர்ஷினியா?" என்று என்னைப் பார்த்தார். நான் அக்காவைக் காட்டினேன்.

அதற்குள் அன்புச்செல்வன் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க அண்ணி. நானும் அண்ணனும் இதுல வரோம். நீங்க அம்மாகூட வேன்ல வந்துடுங்க. ஊர்ல சமையல் ஆயிட்டிருக்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். அக்கா சாவியை உள்ளங்கையில் இறுக்கினார்.

"நான் ஓட்டிக்கிறேன் அன்பு. நீங்க முன்னால போங்க. நாங்க சாயங்காலம் ஊருக்கு வரோம்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போய்விட்டு, நின்று, சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். "போங்கம்மா, வரோம்" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். "இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்ல" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து மாடியில் காத்திருந்தேன். பதினைந்து நிமிடம் போனது. அரை மணி போனது. அவர்கள் இரண்டே கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். ஸ்ரீரங்கம் போயிருந்தார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபம் வரை போய், இறங்காமலே திரும்பியிருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. பாலத்துல மூணாவது கியர் போட்டேன். அவரு ரோட்டப் பாக்கல, என்னையே பாத்துட்டு வந்தாரு. வேற என்ன வேணும்?"

முப்பது நாளில் அவர் திரும்பிப் போனார். அன்றும் அக்காதான் ஓட்டினார், நான் பின் சீட்டில் போனேன். அவரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வயர்லெஸ் ரோட்டில் ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரை அணைக்க மறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அண்ணன் இறங்கிப் போன அந்த இடத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு விமானம் மேலே போனது. அது அவருடையதா என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு அக்கா கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கார் ஸ்ரீரங்கம் வரை போய் வருகிறது. அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஒன்றே கால் வருடம் இருக்கிறது.

நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு காராவது இப்படி உறை போட்டு நிற்கிறது. அதன் சொந்தக்காரர் எங்கோ வெளிநாட்டில் இருப்பார், வீட்டில் ஒருவர் தினமும் பத்து நிமிடம் அதை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்கு அப்படி ஒரு வீடு தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அந்த வீட்டுக்கும், முடிந்தால் வெளிநாட்டில் இருக்கும் அவருக்கும் அனுப்பி வையுங்கள்.