ஓடக்கூடாத தெரு

2005-ஆம் வருடம் ஆனி மாதம், மரக்காணத்தில் நடந்தது இது. சுனாமி வந்துபோய் ஆறேழு மாதம் ஆகியிருந்தது. உப்பு ஏற்றிப்போகும் லாரிகளை எடை போடும் மேடையில் நான் அப்போது சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்தேன். நடை எப்படியோ ஓட்டமாகிவிட்டது. நாற்பத்து நாலு வயதில் அரை டிரவுசர் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட எனக்கே கூச்சமாக இருந்தது. தெரிந்தவர்கள் எழுந்து வருவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். அப்படி ஓடும்போதுதான் இரண்டு பேர் பழக்கமானார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருவர் கூனிமேட்டில் பேக்கரி வைத்திருந்த பாய். ரொட்டி வாசனையிலேயே இருந்து உடம்பு பெருத்துவிட்டது என்று சொல்லி ஓட வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து ஓடிவிட்டுச் சாலையோர டீக்கடையில் உட்காருவோம். அந்த வாரம் யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதுவேன். சாலையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்தான் எங்களுக்கு அளவு. சொல்வதை அப்படியே நம்பி எழுதுவதுதான் வழக்கம். மூவருமே ஒரே சாலையில் ஓடியதால் பொய் சொல்லவும் வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை ஓரத்தில் ஒருவர் வந்து நின்றார். பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார், காலில் ரப்பர் செருப்பு.

"நானும் ஓடறேங்க. என் பேரையும் நோட்ல எழுதிக்குவீங்களா?"

"அதுக்கென்னப்பா, வா. இந்த வாரம் எவ்ளோ ஓடன?" என்றார் மாஸ்டர்.

"எழுபது இருக்குங்க."

பாய்க்கு டீ புரையேறிவிட்டது. எங்களில் அதிகம் ஓடுகிற மாஸ்டரே ஐம்பதைத் தாண்டியதில்லை. நான் நாற்பதுதான்.

"எந்தப் பக்கம் ஓடற?"

"உப்பளத்துக்குள்ளங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் எழுபது என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

என் சந்தேகத்துக்கு என் வேலையும் ஒரு காரணம். காலி லாரியை எடை போடும்போது கிளீனர் உள்ளே தார்ப்பாய்க்கடியில் படுத்துக்கொள்வான். லோடு ஏற்றியபின் இறங்கிவிடுவான். அவன் எடைக்கு உண்டான உப்பு கணக்கில் வராமல் போய்விடும். இப்படித் தினமும் யாராவது ஏமாற்றப் பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து, யார் எந்த எண்ணைச் சொன்னாலும் உள்ளே யார் படுத்திருக்கிறான் என்றுதான் என் புத்தி தேடும்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனேன். சந்தேகப்படுவதற்கு நிறைய இருந்தது. எங்களோடு ஓட வரும் அன்று ஓடி வராமல், அசைந்து அசைந்து நடந்துதான் சாலைக்கு வருவார். சேர்ந்து ஓடும்போதும், அவர்கள் குப்பத்துத் தெரு சாலையில் வந்து சேரும் இடம் நெருங்கியதும், "நீங்க போய்க்கினே இருங்க, வர்றேன்" என்று சொல்லி நடையாகிவிடுவார். கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார். மூச்சும் வாங்கியிருக்காது.

"வாரம் எழுபது ஓடறவனுக்கு அங்க மட்டும் இன்னாத்துக்கு நடை?" என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"எவன் வண்டியிலயாவது தொத்திக்கினு வர்றான் போல" என்று சிரித்தார் மாஸ்டர்.

பாய் மட்டும், "உடுப்பா. கண்ணால பாக்காம ஒருத்தரைச் சொல்றது குனாஹ், பாவம்" என்றார்.

அதை நான் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்துவிட்டால் சொல்லலாம் அல்லவா?

எடை மேடைக்கு வரும் உப்பளத்து ஆட்களிடம் விசாரித்தேன். "இங்க எவன் சார் ஓடறான்? நிக்கவே முடியாத வெயிலு" என்றார்கள். அவர்கள் விடியற்காலையில் இறங்கி மதியத்துக்குள் கரையேறிவிடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் அங்கே யார் ஓடினாலும் அவர்கள் கண்ணில் படாது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும். இவ்வளவு துருவியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. ஆடி மாதக் கடைசியில் புதுச்சேரியில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரு அணி. நாங்கள் நாலு பேர். "நோட்டைப் பாப்போம். யாருது கம்மியோ அவங்க கைதட்ட வரட்டும்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். என்னுடையதுதான் கம்மி. பள்ளிக்கூடத்தில்கூட நான் எந்தப் போட்டியிலும் பெயர் கொடுத்ததில்லை. இந்த ஒன்றில் என் பெயர் இருக்க வேண்டும் என்று ராத்திரி தூக்கத்தில்கூட நினைப்பு. வீட்டில் சொல்லியும்விட்டேன். அவருடைய எழுபது பொய் என்றால் என் இடம் எனக்கு.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் விடுப்பு சொல்லிவிட்டு, குப்பத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கும் சவுக்குத் தோப்பில் போய் நின்றுகொண்டேன். குப்பத்தில் கடற்கரையிலிருந்து சாலைவரை ஒரே நீளத் தெரு. பாதி பழைய வீடுகள், பாதி தகரக் கொட்டகைகள். மூன்று மணிக்கு மேல் அவர் ஒரு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். அதே சட்டை, அதே செருப்பு. தெருவில் மேற்கே நடக்க ஆரம்பித்தார். சாவுக்குப் போகிறவர் மாதிரி அவ்வளவு மெதுவான நடை. 'இதுதான் உன் எழுபதா?' என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து, தெருவோரம் குவித்திருந்த வலைகளுக்குப் பின்னால் அவர் மறைந்துவிட்டார். சாலைக்குப் போய் ஏதாவது வண்டியில் ஏறினால் கையும் களவுமாகப் பார்க்க வேண்டும். தோப்பிலிருந்து வெளியே வந்து, மணலில் இறங்கி, தெருவுக்குள் திரும்பி ஓட ஆரம்பித்தேன். படகோரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டாரோ என்று பயம். அதனால் ஓடிக்கொண்டே இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

கடலிலிருந்து ஒருவன், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து ஓடி வருகிறான். அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

முதலில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், "வருதுடீ!" என்று. அவ்வளவுதான். வீடுகளிலிருந்தும் கொட்டகைகளிலிருந்தும் ஜனங்கள் கொட்டினார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். கிழவரைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடுகிறார்கள். அடுப்பில் இருந்தது அப்படியே கிடக்கிறது. எனக்கும் எதுவும் புரியவில்லை. என்னால்தான் ஓடுகிறார்கள் என்று தெரியாமலேயே, தண்ணீர்தான் வந்துவிட்டது என்று நம்பி, அவர்களோடு சேர்ந்து நானும் அலறிக்கொண்டு ஓடினேன்.

எதிரே ஒருவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். அவர்தான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல... நடங்க" என்று சொல்லியபடி, கூட்டத்துக்கு நடுவே கடலைப் பார்த்து மெதுவாக நடந்து வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓடாதீங்க. நிக்கவும் நிக்காதீங்க. என்கூட நடங்க, கடலுக்கு."

என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றன. அவர் விடவில்லை. இரண்டு பேரும் தெரு நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி, கடலைப் பார்த்து நடந்தோம். கடல் எப்போதும் போலத்தான் இருந்தது. நாங்கள் தண்ணீர் ஓரம் போய் நின்றதைப் பார்த்த பிறகுதான் பின்னால் சத்தம் அடங்கியது.

திரும்பி வரும்போது தெருவில் ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற அவசரத்தில் குழந்தை என்று நினைத்துக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். குழந்தை அவள் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து மண்ணை அளைந்துகொண்டிருந்தது. அவர் போய்க் குழந்தையைத் தூக்கி, அப்போதும் நடந்தே கொண்டுவந்து, அவள் கையில் கொடுத்தார். அவள் குடத்தைக் கீழே விட்டாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் திட்டாததை ஆண்கள் திட்டினார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யார்றா நீ? இன்னாத்துக்குடா ஓடியாந்த? திருட வந்தியா?"

நான் என்ன சொல்வது? உங்கள் ஆள் பொய் சொல்கிறானா என்று வேவு பார்க்க வந்தேன் என்றா?

"உடு மாமா. எனக்குத் தெரிஞ்சவருதான். என்னைப் பாக்க வந்தாரு" என்றார் அவர்.

"தெரிஞ்சவருன்னா சொல்லி வெக்கமாட்டியா?"

"தப்பு என்னுதுதான். நான் சொல்லியிருக்கணும்."

தப்பு அவருடையது என்று அவரே சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நான் தலையைக் குனிந்து நின்றேன்.

அப்புறம் என்னை உப்பளத்துக்கு அழைத்துப்போனார். சாலையைத் தாண்டி, வீடுகள் கண்ணுக்கு மறையும்வரை நடந்தோம். ஓர் ஆள் இல்லை. செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். பாத்திகளைச் சுற்றிப் போகும் மண் கரையில் அவர் காலடி பட்டுப் பட்டு, ஒரு தடமே விழுந்திருந்தது. வலைக் கயிற்றால் அளந்து வைத்திருக்கிறார். ஒரு சுற்று எழுநூறு மீட்டர் சொச்சம்.

"சொச்சத்த உட்டுட்டேங்க. எழுநூறுன்னே கணக்கு வெக்கிறேன்" என்றார்.

போன மாசியில் ஒரு நாள் தூக்கம் வராமல் விடியற்காலையில் கடற்கரையில் ஓடினாராம். அன்றும் இதே போல் குப்பமே எழுந்து ஓடியிருக்கிறது.

"அதுலேர்ந்து எங்க தெருவுல யாரும் ஓடறதில்லைங்க. புள்ளைங்க ஓடனாக்கூட அடிதான். நீங்க வெளியாளு, ரோட்டுல ஓடனா ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க. நான் ஓடனா கடல்ல என்னமோன்னு நெனைப்பாங்க. அதான் நடந்துடறது."

"குடம் எடுத்துக்கினு ஓடிச்சே, அந்தப் பொண்ணு..." என்று இழுத்தேன்.

"அவளுக்கு இது ரெண்டாவது புள்ளைங்க" என்றார். முதலாவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அவரே சொன்னார்: "யாரும் பாக்காத எடத்துல ஓடறேன். எங்கனா ஒரு எடத்துல எழுதியிருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன். என் பேருக்கு நேரா கொக்கி போட்டு வெச்சிருக்கீங்களே, அதையும் பாத்தேன்."

அந்த நோட்டு அவர் கைக்குப் போகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில், வாழ்க்கையில் முதல் தடவையாக நானாகப் பேசினேன். நடந்ததை எதையும் விடாமல் சொன்னேன். மாஸ்டர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பாய் தட்டில் இருந்த பன்னைக் குப்பத்துக்காரர் பக்கம் நகர்த்தினார். கேள்விக்குறிகளை அவர் எதிரிலேயே அழித்துவிட்டு, போட்டிக்கு மற்ற மூன்று பேரையும் எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. அவர் முதலில் தன் பெயர் வேண்டாம் என்றார். அப்புறம் ஒன்று கேட்டார்: "அங்க கடலோரமாதான ஓடணும்? யாரும் பயந்துக்கமாட்டாங்களே?"

போட்டியன்று அவர் சட்டையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு, முடிவுக் கோட்டில் நான் நின்றேன். கடலை ஒட்டிய சாலையில் இருநூறு பேருக்கு மேல் ஓடி வந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதட்டினார்கள். குழந்தைகள் சிரித்தார்கள். எங்கள் அணிக்குப் பரிசு எதுவும் இல்லை. ஓடி முடித்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே நின்று, பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தவர்களையே பார்த்தார்.

"இத்தினி பேரு ஓடறாங்க. ஒருத்தரும் பயப்படல, பாருங்க" என்றார்.

நான் இன்றும் ஓடுகிறேன், நோட்டும் எழுதுகிறேன். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அப்படியே எழுதுகிறேன். அந்தக் குப்பத்துத் தெரு சாலையில் வந்து சேரும் இடத்தில் மட்டும் கால் தானாக நடையாகிவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் "மூச்சு வாங்குதா சார்?" என்று கேட்கும்போதெல்லாம், என்னைவிடப் பெரிய காரணத்தோடு ஒருவர் மெதுவாக நடந்த இடம் இது என்று நினைத்துக்கொள்கிறேன்.