தீட்டு காக்காத பங்காளிகளுக்கும் ஒரு பிரதி

இம்மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே, வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அழுது முடித்துவிட்டேன், இனிப் பேச வேண்டியதைப் பேசுகிறேன்.

அப்பா சிவகங்கைச் சீமையில் பிறந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ராஸ் அல் கைமா வந்து, சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேனாக உழைத்து, தங்கைகளைக் கரையேற்றி, எங்களைப் படிக்கவைத்தார்கள். புழுதி நெஞ்சை அரித்தது. அதைவிட ஒரு சொல் அரித்தது.

அப்பாவின் பூட்டனார், அதாவது அவர்களுடைய தாத்தாவைப் பெற்றவர், வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூன் அரிசி ஆலைக்குப் போனவர். மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு கப்பலேறித் திரும்பினார். அக்குழந்தையின் வழிதான் நாங்கள். பூட்டனாரின் அண்ணன் வழி வந்த பெரியப்பா, குலதெய்வக் கோவில் வாசலில் ஊரறியச் சொன்னார்: "எவனோ பெத்ததை ரங்கூன்லருந்து தூக்கிட்டு வந்தாரு. இவனுக்கு இங்க என்ன பங்கு?"

அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் அப்பாவுக்குப் பூட்டனார்தான். ரங்கூனில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடித் தேடிப் போன் போட்டார்கள். ஆலை இருந்த தெரு தெரிந்தது. பூட்டி இறந்த கதை தெரிந்தது. ரத்தத்துக்கு மட்டும் சாட்சி கிடைக்கவில்லை. கடைசியில் துபாய் சத்வாவில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனிடமே போய் டி.என்.ஏ. சோதனைக் குப்பியை நீட்டினார்கள். அண்ணன் சிரித்தார். "துப்புறதுதானே சித்தப்பா, குடுங்க. எங்கப்பா காதுக்கு மட்டும் இப்பப் போக வேணாம்."

முடிவு வருமுன் அப்பா போய்விட்டார்கள். பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நமக்குத் தீட்டு இல்ல தாயி. அவன் பங்காளியே இல்ல. நாளைக்குத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டணும்."

சொன்னபடி மறுநாள் காப்புக் கட்டினார், பரிவட்டம் சூடிக் கரகத்துக்கு முன்னால் நடந்தார். அப்பா அப்போது இங்கே பிணவறையில் கிடந்தார்கள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. அண்ணனும் அப்பாவும் ஒரே ஆண்வழி ரத்தம். மலரில் எழுதட்டுமா என்று அண்ணனைக் கேட்டேன். "அச்சுல போடு தங்கச்சி. கலாஸ், முடிஞ்சுது கதை!" என்றார்.

ஆகவே பெரியப்பா, பங்காளி செத்த மறுநாளே தீட்டோடு கோவிலுக்குள் நுழைந்தவர் நீங்கள். அந்தக் காப்பு செல்லுமா என்று ஆத்தாளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என் வயிறு குளிர்ந்தது, ஒளிக்க மாட்டேன்.

அப்பாவை ஊர் சேர்க்க அலைந்த கேம்ப் நண்பர்களுக்கும், மருத்துவமனையில் முறைவைத்துக் காத்திருந்த, அப்பாவோடு ஒரே ரூமில் தங்கிய பாய்மார்களுக்கும், துப்பிய அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

பெரியப்பா, உங்களுக்கும் ஒரு நாள் வரும். அன்று என் தம்பி லீவு போட்டு வந்து மொட்டையடிப்பான். பதினாறு நாளும் எங்கள் வீட்டில் தீட்டு காப்போம்.