சந்தனம் குடித்த சுவிட்சு

பகலெல்லாம் ஓடுகிற வாடகைக் கார் ராத்திரிதான் நிற்கும். அதனால் கார் வயரிங் பார்க்கிறவனுக்கு ராத்திரிதான் பொழுது விடியும். செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் என் ஷெட். தொழிலை யாரும் கற்றுத்தரவில்லை. ஃபியூஸுகளை எரித்து எரித்தே கற்றுக்கொண்டேன். என்னைப் போலவே தூக்கம் வராமல் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நடந்ததைக் கேளுங்கள்.

பாதியில் நின்ற கண்ணாடி

ஷட்டரை இறக்கப் போகிற நேரம், மாமல்லபுரத்திலிருந்து ஸ்டெல்லா வந்து நின்றாள். அங்கே கார் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற ஒரே பெண். பின்பக்க இடது கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடற்கரை விடுதி ஒன்றுக்கு அன்று ஒன்பது மணிக்கு முதல் சவாரி. விருந்தாளிக்குப் பிடித்துவிட்டால் விடுதி சவாரியெல்லாம் இனி அவளுக்குத்தான்.

"டீக்கடையில ஒருத்தன் கண்ணாடி ஏத்துற மோட்டார் பூட்ச்சுன்றான் அண்ணாத்த. புது மோட்டாருக்கு அலையவா, கோணிய கட்டிகினு போவவா?"

முதலில் லாக் பட்டன்

டிரைவர் கதவில் இருக்கும் லாக் பட்டனைத்தான் எப்போதும் முதலில் பார்ப்பேன். அது அமுங்கியிருந்தால் பின்கண்ணாடி அசையாது. அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருவர் இது தெரியாமல் கதவின் உள்தகட்டையே பெயர்த்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு விரலால் பட்டனை விடுவித்தேன். கண்ணாடி ஏறியது. அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்:

"வூட்ல கேட்டா பெரிய ரிப்பேருன்னு சொல்லு நைனா!"

ஸ்டெல்லா வண்டியில் லாக் பட்டன் சரியாகத்தான் இருந்தது.

விளக்கு சொல்லும் சேதி

காருக்குள் இருக்கும் விளக்கைப் போட்டுவிட்டு, சுவிட்சை அமுக்கினேன். மோட்டார் இறுகிக் கிடந்தால் கரன்டை வெடுக்கென்று இழுக்கும், விளக்கு மங்கும். இது மங்கவே இல்லை. ஆக, மோட்டாருக்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை. வலது பின்கதவின் சுவிட்சைக் கழற்றி இடதில் மாட்டி அமுக்கினேன். கண்ணாடி கிர்ரென்று ஏறியது.

"அப்போ மோட்டார் பொழச்சிக்கிச்சா?"

பொட்டு

பழுதான சுவிட்சைப் பிரித்தேன். செம்புத் தகடுகள் ஒன்றையொன்று தொட முடியாதபடி நடுவே காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போகிறவள். வண்டிக்குப் பூஜை போடுவதில்லை. ஸ்டாண்டின் மூத்த டிரைவர் கோபாலுக்கு உடனே போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் பெருமையாக வந்தது: "எல்லா வண்டியும் ஜம்முனு நிக்கிது, ஒன் வண்டி மட்டும் மொட்டையா நிக்கலாமா? நாந்தான் கொழகொழன்னு கொழச்சு, பாதி தொறந்திருந்த கண்ணாடி வழியா கைய வுட்டு சுவிட்சுக்கு வெச்சேன்!"

"நைனா, பேனட்டுக்கு வை, டயருக்கு வை, சுவிட்சுக்கு மட்டும் வெக்காத!"

கோபத்தில் ஆரம்பித்தவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

ஒன்பது மணி

ஸ்பிரே அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரியும்வரை துடைத்தேன். மீட்டரை வைத்து அமுக்கினால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் பீப், கரன்டுக்கு வழி திறந்துவிட்டது. மாட்டிக் கொடுத்ததும் பறந்தாள். எனக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. விருந்தாளி கண்ணாடியைத் தொடாமலாவது வரட்டுமே என்று புரண்டுகொண்டிருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"அந்தம்மா கடலப் பாத்தா எறக்குறாங்க, வெயிலப் பாத்தா ஏத்துறாங்க, வழியெல்லாம் அதே வேலதான்! நாளைலேர்ந்து தெனம் வரச் சொல்லிட்டாங்க அண்ணாத்த!"

கவனக்குறைவால் கெட்ட வண்டிகளைவிட, யாரோ பிரியத்தில் கெடுத்த வண்டிகளே என்னிடம் அதிகம் வருகின்றன என்பதால்தானோ என்னவோ, தூக்கம் போனாலும் இந்தத் தொழிலை விட மனசு வரமாட்டேன் என்கிறது.