தனியாக நின்ற புள்ளி

இன்று காலை எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலக்கிவிட்டுப் போனார்கள். ஒரு வாய் குடித்த மகள் முகத்தைச் சுளித்தாள். "அப்பா, வெள்ளம் நாறுது." அந்தச் சொல்லும் வாடையும் சேர்ந்து வந்ததும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

புதுக்கடைப் பக்கம், எங்கள் ஊரில் அப்போது வாந்திபேதி. வாசலருகே இருந்த கிணற்றில் மருந்து போட்டிருந்தார்கள். கஞ்சியிலும் அந்த வாடை, காப்பியிலும் அந்த வாடை. "வெள்ளம் நாறுது" என்று நான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன்.

"தொரைக்குப் பன்னீர்தான் வேணுமோ?" என்று அம்மா பழித்தாள். ஆனாலும் மறுநாள் குடத்தோடு, மருந்து போடாத தோப்புக் கிணற்றுக்கு நடந்தாள். அந்த வெள்ளம் இளநீர் மாதிரி இனித்தது. நானும் குடித்தேன், நாலு வயதுத் தங்கச்சி ஜெசியும் குடித்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெசி மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். ஊரைத் தாளில் வரைந்து, நோய் கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். எல்லாம் தோப்புக் கிணற்றைச் சுற்றியே மொய்த்தன. எங்கள் புள்ளி மட்டும் தனியாக, தள்ளி நின்றது.

"பிள்ளைக்கு எந்தக் கிணத்து வெள்ளம்மா குடுத்தீங்க?"

"தோப்புக் கிணறு சார்."

"வாசல்லயே மருந்து போட்ட கிணறு இருக்கே, ஏன் அவ்வளவு தூரம் போனீங்க?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கு அந்த வாடை பிடிக்கல்ல சார்" என்றாள். சாகும்வரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

மகள் நீட்டிய தம்ளரை அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தேன். "நாறட்டும் மக்கா, குடி." என் குரலைக் கேட்டுப் பயந்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.