என்னை எடுத்துடாதீங்க, மேடம்

எங்கள் தொழிற்சாலைக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. மின்சாரப் பற்றாக்குறை என்று தொழிற்சாலைக்கு ஒரு நாளாகப் பிரித்துக் கொடுத்ததில் எங்கள் தலையில் வந்து விழுந்தது அது. மேற்குத் தாம்பரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில், என் அறையில் இன்னும் மூன்று பேர். மூவரும் சாப்ட்வேர். அவர்களுக்குச் சனி, ஞாயிறு லீவு. வியாழன் காலையில் அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனதும் நானும் மின்விசிறியும் மட்டும்தான். துணி துவைப்பேன். மார்க்கெட் பக்கம் போய்த் தேவையே இல்லாத ஒரு ஹேர்கிளிப் வாங்குவேன். அப்படி வாங்கியதே ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருந்தது.

தொழிற்சாலை படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் சாலையில் இருந்தது. கார்களுக்கான தகட்டுப் பாகங்களை வெட்டி வளைக்கும் பிரஸ்கள் இரண்டு வரிசை நிற்கும். தகட்டுக்கு வடிவம் கொடுக்க அந்த பிரஸ்களில் மாட்டும் அச்சுகளான டைகளைச் சரியாக வைத்திருப்பது எங்கள் பிரிவின் வேலை. நான்கு இன்ஜினியர் இருக்க வேண்டிய இடம். நான் சேர்ந்தபோது மூன்று பேர் இருந்தோம். ஒருவர் துபாய்க்குப் போனார். இன்னொருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் சாப்ட்வேர் டெஸ்டிங் என்று போய்விட்டார், மெக்கானிக்கல் படித்துவிட்டு. மிச்சம் நான்.

நானும் போயிருக்கலாம். ஆனால் ஒரு டை சரியாகப் பொருந்தி, முதல் தகடு பிசிறில்லாமல் வெளியே வரும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை விட்டுப் போக மனமில்லை. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. அந்த ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். யாரும் என்னிடம் தப்பாக நடந்ததில்லை. நான் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கேன்டீனில் எனக்கென்று ஒரு முழு மேசையையே ஒதுக்கிவிட்டு அடுத்த மேசையில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போலிருக்கும்.

கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற அண்ணன் ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னா மேடம், டெய்லி தனியாவே துண்ணுகினு கீறீங்க? தொணைக்கு இன்னொரு மேடத்த இட்டாந்துடுங்க." நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அது என் மனதில் உட்கார்ந்துவிட்டது.

அந்த வருஷம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கூடுவாஞ்சேரிக்கு அப்பால் உள்ள ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போய் ஆள் எடுத்து வரச் சொன்னார். "ஒரே ஒருத்தர் கிடைச்சாக்கூடப் போதும்மா. உனக்குத்தான் நல்லது," என்றார். நான் பையில் ஓர் உடைந்த பஞ்சைப் போட்டுக்கொண்டு போனேன். தகட்டில் துளை போடுகிற, விரல் நீள எஃகுத் துண்டுதான் பஞ்ச். ஒரு குறிப்பிட்ட டையில் அது அடிக்கடி உடைந்துகொண்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். உட்கார்ந்து சரிசெய்யத்தான் நேரமும் இல்லை, ஆளும் இல்லை. வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து, ஏன் உடைந்தது என்று கேட்பதாகத் திட்டம்.

முதல் பையன் பார்த்துவிட்டு, "தெரியல மேடம்" என்றான். இரண்டாமவனும் அதையே சொன்னான். நான்காவது ஆளிடம் பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற கேள்வி ஒன்றைக் கேட்டேன். அதற்கும் "தெரியல மேடம்", கூடவே ஒரு சிரிப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. டீ கொண்டுவந்த பிளேஸ்மென்ட் ஆபீசரிடம், "உங்க காலேஜ்ல என்னதான் சார் சொல்லித் தர்றீங்க?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்படி இல்ல மேடம். எங்க ரூல் ஒரு ஸ்டூடன்ட்டுக்கு ஒரு ஆஃபர்தான். உங்ககிட்ட செலக்ட் ஆயிட்டா அடுத்த வாரம் வர்ற சாப்ட்வேர் கம்பெனிக்கு உட்கார முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு பிராக்டிஸ் ஆகட்டுமேன்னுதான் உங்கள இன்னிக்குப் போட்டோம்," என்றார். எனக்கு ஏதோ பெருமை செய்கிற மாதிரி சொன்னார். மாணவர்கள் வராமல் இருந்தால் அவர் திட்டுவார். வந்து தேறிவிட்டால் அடுத்த வாரம் போச்சு. அதனால் எல்லோரும் சேர்ந்து சொதப்புவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

கடைசியில் வந்தாள் அவள். துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தாள். பஞ்சைக் கொடுத்தேன்.

"இது ஏன் உடைஞ்சது?"

"தெரியல மேடம்."

சொன்னது வாய்தான். கை அதற்குள் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரலால் ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் தேய்ந்திருந்தது. துளைக்கு நேராக இறங்காமல் சாய்ந்து உரசினால் அப்படித்தான் தேயும், பிறகு உடையும். அவளுக்கு முன் வந்த அத்தனை பேரும் உடைந்த முனையை மட்டுமே பார்த்திருந்தார்கள்.

"இதெல்லாம் எங்க பாத்த?" என்று கேட்டேன்.

சட்டென்று பஞ்சை மேசைமேல் வைத்தாள். "எங்க அத்தா படப்பையில லேத் பட்டறை வெச்சிருக்காங்க, மேடம்." கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க மேடம். என்னை எடுத்துடாதீங்க. எங்க செட்ல நாலு பேரும் அடுத்த வாரம் வர்ற கம்பெனிக்குத்தான் போகப் போறோம். ஒண்ணாவே இருக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம். இங்க வந்தா நான் மட்டும் தனியா மாட்டிக்குவேன்."

"சரிம்மா, பார்க்கலாம். போ," என்றேன். அவள் நன்றாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

நான் அவள் பெயருக்கு நேரே 'தேர்வு' என்று எழுதினேன். இப்படி ஒரு கை சாப்ட்வேருக்குப் போனால் வீண், தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், எங்கள் பிரிவு தவிக்கிறது என்று எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் எழுதியது அதற்காக இல்லை. எனக்குத் துணை வேண்டியிருந்தது. நாலு பேர் ஒன்றாக இருக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம் என்று அவள் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

படிப்பு முடிந்து அவள் வந்து சேர்ந்தாள். தாம்பரத்திலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். படப்பையில் ஏறுவாள். "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லி உட்காருவாள். இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், நன்றாகவே சொல்வாள். கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. முன்பு ஒருத்தி பேசாமல் சாப்பிட்ட மேசையில் இப்போது இரண்டு பேர் பேசாமல் சாப்பிட்டோம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதல் மாதத்திலேயே அந்த டையைப் பிரித்துச் சரிசெய்துவிட்டாள். அதற்குப் பிறகு பஞ்ச் உடையவே இல்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கைதுடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை தாம்பரத்துக்கு வாயேன் என்று மூன்று முறை கூப்பிட்டிருப்பேன். மூன்று முறையும் வீட்டில் வேலை இருப்பதாகச் சொன்னாள். அவளுடைய செட்டில் மற்ற மூவரும் ஒரே கம்பெனியில், ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். அவர்கள் கூடுகிற சனிக்கிழமைகளில் இவளுக்கு ஷிப்ட் இருந்தது.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியாமல் கேன்டீனில் கேட்டுவிட்டேன். "என் மேல கோபமா உனக்கு?"

டிபன் பாக்ஸை மூடினாள். "கோபம்லாம் இல்ல மேடம்." பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, "நீங்க லேடிங்கறதாலதான் அன்னிக்கு வாயைத் திறந்து கேட்டேன். ஒரு சார் இருந்திருந்தா தெரியலன்னு மட்டும் சொல்லிட்டு வந்திருப்பேன்," என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். காரணத்தில் 'சொந்த வேலை' என்றிருந்தது. எந்த வேலை என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு, அவள் ஷிப்டையும் நானே பார்த்தேன். அடுத்த மாதம் அவள் தோழிகள் இருந்த கம்பெனிக்கே போய்விட்டாள். போகும்போது, "வரேன் மேடம்" என்றாள், தினமும் சாயங்காலம் சொல்கிற அதே மாதிரி.

மறுவருஷமும் மேனேஜர் அதே கல்லூரிக்கு என்னைத்தான் அனுப்பினார். இந்த முறை நான் பஞ்சை எடுத்துப் போகவில்லை. முதலில் வந்த பையனிடம், "இந்த வேலை உனக்கு வேணுமா, வேணாமா? பயப்படாம சொல்லு. வேணாம்னா எழுத மாட்டேன்," என்றேன்.

என் முகத்தைப் பார்த்து யோசித்தான். "வேணாம் மேடம்."

"சரி. உடனே வெளிய போனா உங்க சாருக்குத் தெரிஞ்சிடும். பத்து நிமிஷம் உட்காரு."

பத்து நிமிஷம் சும்மா எப்படி உட்காருவது? எந்த ஊர் என்று கேட்டேன். பெருங்களத்தூர் என்றான். தீபாவளிக்கு முதல் நாள் அங்கே நெரிசலில் மாட்டிக்கொண்டு, தன் தெருவுக்கே மூன்று மணி நேரம் கழித்துப் போன கதையைச் சொன்னான். வெளியே போய் விஷயத்தைச் சொல்லியிருப்பான். அடுத்து வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி தன் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொல்ல, நான் என் விடுதி இட்லியைப் பற்றிச் சொன்னேன். ஒருவன் அக்கா கல்யாணத்தில் தொலைந்த செருப்பைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியை முதலில் கேட்டேன். ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை. பத்து நிமிஷம் முடிந்ததும் எழுந்து போனார்கள்.

மூன்று மணிக்கு எல்லோரும் முடிந்துவிட்டார்கள். தாளில் ஒரு பெயரும் இல்லை. மேனேஜர் கத்துவார், கத்தட்டும். பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் போய் வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருந்தது. அந்த வருஷம் முழுக்க ஒரே நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை.